தரைக்கு வெந்நீர், காற்றுக்குக் குளிர்நீர்

மெல்பர்னில் ஜூன் பிறந்தால் என் கைபேசிக்கு ஓய்வில்லை. அழைப்பவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: குளிர்காலத்தில் தரையைச் சூடாக்கவும் கோடையில் வீட்டைக் குளிர்விக்கவும் ஒரே மெஷின் போதுமா? போதும். நான் அமைத்துக் கொடுத்த பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் மெஷினிலிருந்து கணக்கைத் தொடங்குகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள். முதலில் வீடு, அடுத்து தண்ணீரின் வெப்பநிலை, கடைசியில்தான் மெஷின். இந்த வரிசை தலைகீழானதால் வந்த கோளாறுகளைச் சரிசெய்வதிலேயே என் வேலைநாட்களில் பெரும்பகுதி போகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோவை ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தவன். சென்னையில் ஸ்பிளிட் ஏசி மாட்டியும், கேஸ் நிரப்பியும் தொழில் பழகினேன். அங்கே எங்களுக்குக் காற்று மட்டும்தான் தெரியும். அறைக்காற்றை இழு, குளிர வை, திருப்பி அனுப்பு, அவ்வளவுதான் பாடம். மெல்பர்ன் வந்து, ஆஸ்திரேலிய ரெஃப்ரிஜரேஷன் கவுன்சிலின் உரிமம் வாங்கி, வெந்நீர்க் குழாய் வேலை செய்யும் ஒரு மூத்த பிளம்பரிடம் சேர்ந்தபோதுதான் தண்ணீரின் வலிமை புரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூட்டைக் காற்று சுமக்க வேண்டுமானால் ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். கூரைக்குள் அரையடி அகலத்தில் டக்ட் இழுத்துச் செய்யும் வேலையைக் கட்டைவிரல் பருமனுள்ள குழாய் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

தரைச்சூடு என்றால் என்ன என்று நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு விளக்குவது எளிது. மே மாதத்தில், மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் படுத்திருக்கிறீர்களா? நள்ளிரவுக்குப் பிறகும் கூரையிலிருந்து அனல் இறங்கும். மின்விசிறி சுழன்றாலும் உடம்பு எரியும். பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்த காங்கிரீட் தளம், இரவெல்லாம் அதைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஹைட்ரானிக், அதாவது தண்ணீர்வழித் தரைச்சூடும் இதே இயற்பியல்தான். தளம் தலைக்கு மேலே இல்லாமல் காலுக்குக் கீழே இருக்கிறது. வெயிலுக்குப் பதில் வெந்நீர் சூடேற்றுகிறது. அளவு நம் கையில் இருக்கிறது. கொரிய வீடுகளின் ஓண்டோலும் ரோமானியர்களின் குளியலறைத் தளங்களும் இதே வழியில்தான் சூடேறின. அங்கே தரைக்கடியில் போனது அடுப்பின் புகையும் அனலும்.

மெல்பர்ன் வீடுகள் ஏன் குளிர்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1965இல் பாஸ் நீரிணையில் எரிவாயு கண்டெடுக்கப்பட்டது. 1960களின் கடைசியிலிருந்து அது குழாய் வழியே வீடுகளுக்கு வரத் தொடங்கியது. எரிபொருள் மலிவாகக் கிடைத்தபோது சுவரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? பலகைச் சுவர், ஒற்றைக் கண்ணாடி, இடுக்கு விட்ட மரத்தரை என்று கட்டினார்கள். அதற்குள் பெரிய எரிவாயு ஹீட்டரை வைத்துச் சூட்டுக்காற்றை ஊதினார்கள். கோடைக்குக் கூரைமேல் ஈரக்காற்றுக் கூலர். புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு கட்டாயம் என்று விக்டோரியா அரசு விதி கொண்டுவந்ததே 1991இல்தான். இப்போது காற்று திசை மாறிவிட்டது. 2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது. அதே ஆண்டு மே முதல் புதிய வீடுகள் ஆற்றல் சிக்கனத்தில் 7 நட்சத்திரத் தரத்தை எட்ட வேண்டும். அதனால் பழைய வீட்டுக்காரர்களும் எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

மெல்பர்ன் புறநகரான க்ளென் வேவர்லியில் வயதான யாழ்ப்பாணத் தம்பதி அழைத்திருந்தார்கள். டக்ட் ஹீட்டர் நன்றாகத்தான் ஓடியது. அம்மா சொன்னார்: "தம்பி, கால்தான் குளிருது. எவ்வளவு சூட்டுக்காத்து வந்தாலும் காலிலை இருக்கிற குளிர் போகுதில்லை." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சூட்டுக்காற்று கூரைப்பக்கம் போய் நின்றுவிடுகிறது. தலைமட்டத்தில் 23 டிகிரி இருந்தது. மரத்தரையில் என் அகச்சிவப்பு மானி 14 காட்டியது. அவர்கள் தரையைப் பெயர்த்துக் குழாய் போடத் தயாராக இருந்தார்கள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரைக்கடியில் ஊர்ந்து போனேன். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. வெப்பக்காப்பு மருந்துக்கும் இல்லை. "ஐயா, இந்தத் தரைக்கு வெந்நீர் விட்டால் பாதிச் சூடு மண்ணுக்குத்தான் போகும். முதலில் அடியில் காப்பு அடைப்போம், இடுக்குகளை மூடுவோம். ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். அடுத்த ஆண்டு அவர்கள் கேட்டது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் ஆக இரண்டு ரேடியேட்டர்கள் மட்டும். அந்த வீட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் இந்தத் தொழிலில் எதுவும் செய்யக் கூடாது. காப்பில்லாத பழைய பலகை வீடு, கடுங்குளிர் காலையில் சதுர மீட்டருக்கு 100 வாட்டுக்கு மேல் இழக்கும். தரையிலிருந்து வரக்கூடிய சூட்டுக்கோ ஒரு வரம்பு உண்டு. நடமாடும் இடங்களில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. தாண்டினால் கால் உளைச்சல் எடுக்கும். அறை 20, தரை 29 என்றால் கிடைப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட். வீடு அதைவிட அதிகமாக இழந்தால் தரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோற்றுவிடும். நன்றாகக் காப்பிட்ட புது வீட்டுக்கு 40 வாட்டே தாராளம். அப்போது தரை 24 டிகிரியில் இருந்தாலே வீடு இதமாகிவிடும். வெறுங்காலுக்குச் சூடு என்றே தெரியாது. குளிர் இல்லை என்று மட்டும் தெரியும். அதுதான் சரியான தரைச்சூடு.

குழாய் போடும் நாள் எனக்குப் பிடித்த நாள். அடியில் கெட்டியான காப்புப் பலகை, அதன்மேல் கம்பிவலை, வலையோடு சேர்த்துக் கட்டிய பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய். சுவர் ஓரத்திலும் கண்ணாடிக் கதவின் பக்கத்திலும் நெருக்கமாக, நடு அறையில் கொஞ்சம் தளர்வாக. காங்கிரீட்டுக்குள் ஓரிடத்திலும் இணைப்பு இருக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் ஒரே துண்டாக, தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பி மேனிஃபோல்டுக்கே திரும்ப வேண்டும். காங்கிரீட் ஊற்றும்போது குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி, மானி முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்போம். யாருடைய மண்வெட்டியாவது குழாயைக் கீறினால் முள் உடனே சொல்லிவிடும். ஈரமாக இருக்கும்போதே தோண்டிச் சரிசெய்யலாம். பிறகு தண்ணீர் நிரப்பும் நேரம். எல்லாச் சுற்றுகளையும் மூடி, ஒன்றை மட்டும் திறந்து, காற்றுக் குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு மூடி, அடுத்ததைத் திறக்க வேண்டும். மொத்தமாகத் திறந்தால் தண்ணீர் குறுக்குவழி தேடும். நீளமான சுற்றில் காற்று அப்படியே தங்கிவிடும். மேனிஃபோல்டின் மேலுள்ள கண்ணாடிக் குழல்களில் சின்ன மிதவைகள் ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும். அவற்றைச் சமன்செய்வதில் அவசரப்படுகிறவர் கட்டிய வீட்டில் ஒரு அறை கொதிக்கும், ஒரு அறை உறையும்.

இனி தண்ணீரின் வெப்பநிலைக்கு வருவோம். ஹீட் பம்ப் என்பது திருப்பி ஓடும் ஏசி. வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்றால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நல்ல மெஷின் 4 யூனிட்டுக்கும் மேலாகச் சூடு தரும். அதே மெஷினிடம் 55 டிகிரி கேட்டால் அது 3க்கும் கீழே இறங்கலாம். தரைச்சூட்டுக்கு 35 முதல் 40 போதும். ஆகவே தரையும் ஹீட் பம்பும் இயல்பாகவே பொருந்துகின்றன. பழைய ரேடியேட்டர் அப்படியில்லை. அது 75 டிகிரித் தண்ணீருக்கு என்று அளவெடுத்து வைக்கப்பட்டது. அதற்குள் 45 டிகிரித் தண்ணீரை விட்டால், பட்டியலில் போட்ட சூட்டில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் வரும். 1980களில் வைத்த ரேடியேட்டர்களை அப்படியே விட்டுவிட்டு பாய்லரை மட்டும் ஹீட் பம்பாக மாற்றினால், ஜூலையில் வீடு குளிரும். பழி மெஷின்மேல் விழும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வாங்குமுன் செய்து பார்க்கலாம். உங்கள் பாய்லர் குறைந்த சூட்டுத் தண்ணீரிலும் ஓடக்கூடிய கண்டென்சிங் வகையா என்று பிளம்பரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆம் என்றால், ஜூலையில் மிகக் குளிரான வாரத்தில் தண்ணீர் வெப்பநிலையை 50 டிகிரிக்கு இறக்கி நாள் முழுக்க ஓடவிடுங்கள். வீடு தாங்கினால் ஹீட் பம்புக்கு வீடு தயார். தாங்கவில்லை என்றால் எந்த அறை முதலில் குளிர்கிறது என்று குறித்துவையுங்கள். அந்த அறைக்குத்தான் பெரிய ரேடியேட்டரோ இரட்டைக் கண்ணாடியோ வேண்டும். கூடவே ரேடியேட்டரைத் தொட்டும் பாருங்கள். மேலே குளிர்ந்தால் உள்ளே காற்று. திறப்பை லேசாகத் திருகினால் போய்விடும். கீழே குளிர்ந்தால் சேறு. இரும்பு துருப்பிடித்து உண்டான கரும்பொடி அடியில் படிந்திருக்கும். அதைக் கழுவி வெளியேற்றாமல், காந்த வடிகட்டி வைக்காமல் புது ஹீட் பம்பை இணைத்தால், அதன் குறுகலான வெப்பமாற்றிக்குள் அந்தப் பொடி போய் அடைத்துக்கொள்ளும்.

குளிர்காலப் பக்கம் இத்துடன் முடிகிறது. கோடையில்தான் கணக்கு சிக்கலாகிறது. ஹீட் பம்பைத் திருப்பி ஓட்டினால் குளிர்நீரும் வரும். பிறகென்ன, அதே தரைக்குழாயில் குளிர்நீரை விடலாமே என்று தோன்றும். இங்கே பனிநிலை குறுக்கே நிற்கிறது. காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குகிறதோ அதுதான் பனிநிலை. தரை அதற்குக் கீழே குளிர்ந்தால் வியர்க்கும். டைல்ஸ் வழுக்கும், மரத்தரை உப்பும், சுவரோரம் பூஞ்சை பிடிக்கும்.

மெல்பர்னும் சிட்னியும் இந்த இடத்தில் இரு வேறு ஊர்கள். மெல்பர்னில் வடகாற்று அடிக்கும் நாளில் 40 டிகிரி வெயிலும் 12 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 5 டிகிரிதான். அன்று 19 டிகிரித் தரை துளிகூட வியர்க்காது. சிட்னியில் பிப்ரவரி மாலையில் 26 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் என்றால் பனிநிலை 21. அதே 19 டிகிரித் தரை நனைந்துவிடும். கதவைத் திறந்து தோட்டத்தோடு சேர்ந்து வாழ்வது சிட்னி வழக்கம். திறந்த கதவு வழியே கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே தரைக்குளிர்ச்சி கேட்பவர்களிடம் நான் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஈரத்தை உணரும் கருவி, தண்ணீரின் வெப்பநிலையைத் தானாக உயர்த்தும் கலப்பு வால்வு, காற்றைத் தனியாக உலர்த்தும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேசலாம்.

ஈர ஊர்களில் இது நடக்கவே இல்லையா என்று கேட்டால், நடந்திருக்கிறது. 2006இல் திறந்த பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரை வழியாகவே குளிர்ச்சி தருகிறார்கள். உலர்ந்த காற்று தனி வழியில் வருகிறது. ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011இல் ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான காற்றுக் குளிர்ச்சியும் மறுபாதிக்குத் தளத்துக்குள் குளிர்நீரும் வைத்துப் பார்த்தது. குளிர்நீர்ப் பாதி 34 சதவீதம் குறைவான மின்சாரத்தில் ஓடியது. மெல்பர்ன் மாநகராட்சியின் லிட்டில் காலின்ஸ் தெருக் கட்டடமான கவுன்சில் ஹவுஸ் 2, அதுவும் 2006இல் திறந்தது. அங்கே கூரைப் பலகைகளில் குளிர்நீர் ஓடுகிறது. மூச்சுக்காற்று முழுவதும் வெளியிலிருந்து தனியாக வருகிறது. எல்லாவற்றிலும் பாடம் ஒன்றுதான். சூட்டைத் தண்ணீர் எடுக்கட்டும், ஈரத்தைக் காற்றுக் கருவி எடுக்கட்டும். அலுவலகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அந்தக் கருவிகளைக் கண்காணிக்க ஆள் உண்டு. வீட்டுக்கு இல்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. தரையைச் சூடாக்கினால் சதுர மீட்டருக்கு 100 வாட் தரும். குளிர்வித்தால் 40 வாட் அளவுக்குத்தான் எடுக்கும். மெல்பர்ன் 2009 பிப்ரவரி 7இல் 46.4 டிகிரியைப் பார்த்தது. சிட்னியின் பென்ரித் 2020 ஜனவரி 4இல் 48.9 டிகிரியைப் பார்த்தது. அப்படிப்பட்ட நாளில், மேற்குப் பார்த்த கண்ணாடி வழியே வரும் வெயிலை எந்தத் தரையாலும் சமாளிக்க முடியாது. கண்ணாடிக்கு வெளியே நிழல் வேண்டும். வேகமாகக் குளிர்விக்கும் காற்றுக் கருவியும் வேண்டும்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது. வெளியே ஒரே ஹீட் பம்ப், குளிர்வாயு முழுதும் அதற்குள்ளேயே அடங்கிய வகை. வீட்டுக்குள் வருவது தண்ணீர் மட்டும். நடுவே தண்ணீரைச் சேர்த்துவைக்கும் ஒரு பஃபர் டேங்க். அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று தரைக்கு அல்லது ரேடியேட்டருக்கு. குளிர்காலத்தில் மட்டும் திறக்கும். மற்றொன்று கூரைக்குள்ளோ சுவரிலோ உள்ள ஃபேன் காயில்களுக்கு, அதாவது தண்ணீர்ச் சுருள்மேல் விசிறி காற்றை ஊதும் கருவிகளுக்கு. கோடையில் 7 முதல் 12 டிகிரிக் குளிர்நீர் அதில் ஓடும். ஃபேன் காயில் ஈரத்தைப் பிழிந்து எடுத்து, வடிகால் குழாய் வழியே வெளியே விட்டுவிடும். அந்தக் குளிர்நீர்க் குழாய்க்கு ஓரங்குலம் விடாமல் காப்பு உறை வேண்டும். வால்வுக்கும் பம்புக்கும்கூட வேண்டும். உறை விட்டுப்போன ஒரு முழங்கை இணைப்பு சொட்டுச்சொட்டாக வியர்த்து, ஜிப்ஸம் கூரையில் பழுப்பு வட்டம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பஃபர் டேங்கைச் செலவு என்று தவிர்க்காதீர்கள். 2, 3 டிகிரிக் குளிர்ந்த மெல்பர்ன் காலையில் வெளிமெஷினின் காயிலில் உறைபனி படியும். அதை உருக்க மெஷின் சில நிமிடம் திரும்பி ஓடும். அதற்கான சூட்டை அந்த டேங்க் கொடுக்கும்; இல்லாவிட்டால் வீட்டிலிருந்து பிடுங்கும்.

மெஷின் இரண்டானாலும் ஒன்றானாலும், மூளை ஒன்றாக இருக்க வேண்டும். மெல்பர்னின் பிரைட்டன் பக்கம் ஒரு வீட்டில் தரைச்சூட்டை ஒரு நிறுவனமும் ஏசியை இன்னொரு நிறுவனமும் போட்டிருந்தன. தனித்தனி தெர்மோஸ்டாட். அக்டோபர் மாதம், மின்கட்டணம் தாறுமாறாக ஏறியதென்று கூப்பிட்டார்கள். விடிகாலை 8 டிகிரிக் குளிருக்குத் தரை முழுமூச்சாகச் சூடேறியிருந்தது. பகல் 11 மணிக்கு வெயில் உள்ளே வந்தது. கனமான காங்கிரீட் உடனே ஆறாது. மாலைவரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். மதியம் ஏசி தானாக விழித்துக்கொண்டு, தரை விடுகிற சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்று போட, ஒன்று எடுக்க, இரண்டுக்கும் வீட்டுக்காரர் காசு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டில் இணைத்தேன். வெளி வெப்பநிலை ஏற ஏறத் தரைக்குப் போகும் தண்ணீரின் சூடு இறங்கும்படி வைத்தேன். ஒன்று ஓடினால் மற்றது சில மணி நேரத்துக்கு எழக் கூடாது என்று பூட்டும் போட்டேன். ஒரு மெஷினும் மாற்றவில்லை. ஒரே நாளில் நாலு பருவம் காட்டும் ஊரில், தரை மெதுவானது, காற்று வேகமானது. அன்றாடப் பாரத்தைத் தரை சுமக்கட்டும். திடீர் மாற்றத்தைக் காற்றுக் கருவி பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லோருக்கும் இது தேவை என்று நான் சொல்லமாட்டேன். வாடகை வீடு, சின்ன யூனிட், சில ஆண்டுகளில் விற்கப்போகும் வீடு என்றால் இடுக்குகளை அடைத்து, நல்ல ஸ்பிளிட் ஏசி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் மிச்சம். புது வீடு கட்டுகிறவர்களும், தளத்தை எப்படியும் பெயர்க்கப் போகிறவர்களும், நல்ல ரேடியேட்டர்கள் ஏற்கெனவே உள்ளவர்களும் தண்ணீர் வழியை நம்பி இறங்கலாம். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில், சத்தமும் தூசியும் இல்லாத அந்தச் சூட்டுக்கு ஈடு வேறில்லை என்பது என் உறுதியான அனுபவம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அமைத்துத் தருகிறவரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். என் வீட்டின் வெப்ப இழப்பு அறைவாரியாக எவ்வளவு? மிகக் குளிரான நாளில் எத்தனை டிகிரித் தண்ணீர் ஓடும்? கோடையில் குளிர்நீர் எந்தெந்தக் குழாயில் போகும், அவை எல்லாவற்றுக்கும் உறை உண்டா? தரையைக் குளிர்விப்பதென்றால் பனிநிலையை எது கவனிக்கும்? சூட்டையும் குளிரையும் ஆளும் கட்டுப்பாடு ஒன்றா, இரண்டா? பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தருகிறவருக்கு வேலையைக் கொடுங்கள். மெஷினின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.